பன்னில் பாம்பே டோஸ்ட்: கரையோரத்திலிருந்து வந்த கேள்விகள்

சென்ற இதழில் மீந்த ரொட்டியை முட்டைப் பாலில் நனைத்துச் சுடும் பாம்பே டோஸ்ட் செய்முறை வந்திருந்தது. 8 துண்டு சதுர ரொட்டி, 3 முட்டை, 240 மி.லி. பால், நடுத்தரத் தீ என்பது அதன் அளவு. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி, அதே அளவில் டீக்கடைப் பன்னைப் போட்டுப் பார்த்துக் கெட்டுப்போன கதைதான். வாசகர்கள் மேல் பிழை இல்லை. அந்த அளவு ரொட்டிக்கு மட்டும் என்று நாம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். பன்னுக்குக் கணக்கே வேறு.

வாசகி, தொண்டி: பன்னைப் பாலில் முக்கி எடுப்பதற்குள் கையோடு பிய்ந்து வருகிறது. தவாவில் போட்டால் களி மாதிரிக் கொழகொழக்கிறது. இத்தனைக்கும் ஒரு நாள் பழைய பன்தான் எடுத்தேன். எங்கே பிசகு?

பாலில் பாதிப் பிசகு, பன்னில் பாதிப் பிசகு.

சதுர ரொட்டியில் 100 கிராம் மாவுக்கு 5 கிராம் சர்க்கரை என்றால், இனிப்புப் பன்னில் 15 முதல் 20 கிராம் வரை போகும். கூடவே டால்டாவோ எண்ணெயோ உண்டு. சர்க்கரையும் கொழுப்பும் மாவின் பசையை இறுகப் பின்னவிடாது. பன் பஞ்சாக இருப்பதற்கு அதுதான் காரணம். நனைந்ததும் இடிந்து விழுவதற்கும் அதுவேதான். ஆகவே பாலைக் குறைத்து முட்டையை ஏற்ற வேண்டும். முட்டைதான் வெந்து இறுகி உள்ளே பிடித்து நிறுத்தும்; பால் நனைக்க மட்டுமே செய்யும்.

50 கிராம் பன் 4 என்றால்: முட்டை 3, காய்ச்சி நன்றாக ஆறவைத்த பால் 150 மி.லி., சர்க்கரை 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, தட்டிய ஏலக்காய் 2. முதலில் முட்டையையும் உப்பையும் மட்டும் நன்றாக அடித்து, பிறகு பாலை ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடித்தால் வெள்ளைக்கரு திட்டுத் திட்டாக மிதக்கும். டீ வடிகட்டியில் ஒரு முறை வடித்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது பழைய பன். காய்ந்தது வேறு, விறைத்தது வேறு. பழசானதும் பன் விறைப்பது, மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்வதால். ஈரம் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். நம் கரையில், ஈரக்காற்றில் ஒரு நாள் கிடந்த பன் காய்வதே இல்லை. தொட்டால் கெட்டி, உள்ளே நமுப்பு. அதைப் பாலில் போட்டால் புதுப் பன்னைப் போலவே கரையும். வேண்டியது காய்ந்த பன். படுக்கைவாட்டில் இரண்டாக வெட்டி, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி வெறும் தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், சிறு தீயில் 2 நிமிடம் வையுங்கள். திருப்பி 1 நிமிடம். நிறம் மாற வேண்டாம். விரலால் தடவினால் ரஸ்க் போல லேசாகச் சொரசொரக்க வேண்டும். வீட்டில் தராசு இருந்தால், 50 கிராம் பன் 45 கிராமுக்கு இறங்கினால் போதும். ஓவன் வைத்திருப்பவர்கள் 120 டிகிரியில் 10 நிமிடம் வைக்கலாம். ஆறிய பிறகே நனைக்க வேண்டும்.

நனைக்கக் கிண்ணம் வேண்டாம், விளிம்புள்ள அகலத் தட்டு எடுங்கள். வெட்டுமுகத்தைக் கீழே வைத்து நிதானமாக 15 எண்ணுங்கள். திருப்பி மேல்தோலுக்கு 5 எண்ணினால் போதும். பேக்கரியில் பளபளப்புக்காகப் பாலோ எண்ணெயோ தடவியிருக்கும் அந்தத் தோல், எத்தனை நேரம் வைத்தாலும் அவ்வளவாகக் குடிக்காது. பலர் செய்வது இதற்கு நேர்மாறு: தோல் நனையவில்லையே என்று அமுக்கி அமுக்கி வைப்பார்கள், அதற்குள் அடிப்பக்கம் கரைந்திருக்கும். எடுத்ததும் நேராகக் கல்லுக்குப் போகாதீர்கள். கவிழ்த்த இட்லித் தட்டின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். மேலாக நிற்கும் பால் உள்ளே இறங்கும், மிச்சம் வடியும். விரலால் நடுவில் மெல்ல அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக எழ வேண்டும். எழவே இல்லையென்றால் அது அதிகம் குடித்துவிட்டது.

வாசகர், மண்டபம்: அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே 'ஹவாயன் ரோல்' என்ற பன்னில் இதைச் செய்கிறார்களாம், அந்த ருசி ரொட்டியில் வராது என்கிறான். இங்கே அதற்கு ஈடு எது? பால் பன் சரிவருமா?

மகன் சொல்வது சரி. ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்ட வேலைக்கு 1878 முதல் மதீரா, அசோர்ஸ் தீவுகளிலிருந்து போர்ச்சுகல்காரர்கள் போனார்கள். அவர்கள் கொண்டுபோன முட்டை, பால், சர்க்கரை சேர்த்த இனிப்பு ரொட்டிதான் பிறகு அங்கே அந்த ரோல் ஆனது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தட்டாக வரும், பக்கங்களில் தோலே இருக்காது. நம் பேக்கரிகளில் தட்டாகச் சுட்டுப் பிய்த்துக் கொடுக்கும் மெத்துப் பன் அதற்கு மிக அருகில் வரும். அப்படிப்பட்ட தட்டு கிடைத்தால் பன்களைப் பிரிக்காதீர்கள். ஆறு பன்னும் ஒட்டியபடியே, ரம்பப் பல் கத்தியால் குறுக்கே ஒரே வெட்டாக மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று எடுத்து, அப்படியே நனைத்துச் சுட்ட பிறகு பிரியுங்கள். ஓரம் உதிராது, திருப்புவதும் சுலபம். அகலமான கரண்டி இரண்டு வேண்டும், அவ்வளவுதான்.

பால் பன் என்றால் எந்தப் பால் பன்? நம் பக்கம் இரண்டு பொருளுக்கு அந்தப் பெயர் உண்டு. பேக்கரியில் சுட்ட பால் பன் என்றால் முதல் தரம். மிட்டாய்க் கடையில் எண்ணெயில் பொரித்துச் சீனிப்பாகில் போட்ட உருண்டைக்கும் பால் பன் என்றே பெயர். அது இதற்கு ஆகவே ஆகாது. ஏற்கெனவே எண்ணெயும் பாகும் குடித்தது, முட்டைப் பால் அதில் ஒட்டாது.

க்ரீம் பன், ஜாம் பன் வேண்டாம். உள்ளிருப்பது கல்லில் உருகி ஒழுகிக் கருகும். தேங்காய்ப் பன்னை நடுவில் வெட்டாமல், மேல்தோலை மட்டும் மெலிதாகச் சீவிவிட்டு முழுதாக நனைக்கலாம். சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி போட்ட பன்னில் வெட்டுமுகத்தில் தெரியும் துண்டுகளை எடுத்துவிடுங்கள். அவை சர்க்கரையில் ஊறிய பப்பாளிக் காய், கல்லைத் தொட்டதும் கரியாகும்.

வாசகர், ஏர்வாடி: வெளியே கறுத்துவிடுகிறது, உள்ளே முட்டை பச்சையாக இருக்கிறது. தோசைக்கல்லிலும் ஒட்டுகிறது. நான்ஸ்டிக்தான் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். தீயைக் குறையுங்கள்.

பன்னில் இருக்கும் சர்க்கரை ரொட்டியைவிடச் சீக்கிரம் சிவக்கும். முட்டைப் பால் உள்ளே இறுகுவதற்கோ நடு மையம் 75 டிகிரியைத் தொட வேண்டும். வெளிச் சிவப்பு முந்திக்கொள்ளாமல் உள் சூடு எட்ட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே வித்தை. கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்போம் இல்லையா? துளி முத்தாக உருண்டு ஓடினால் இதற்கு அது மிகையான சூடு. அடுப்பை அணைத்து 2 நிமிடம் பொறுங்கள். துளி விழுந்த இடத்திலேயே சுர்ரென்று பொரிந்து 2, 3 விநாடியில் வற்றினால் சரியான சூடு. பிறகு தீ சிறியதாகவே இருக்கட்டும்.

வெறும் வெண்ணெய் போட்டால் அதிலுள்ள பால் கசடு முதலில் கருகும், அந்தக் கறுப்பும் டோஸ்டில் ஒட்டும். நெய் அல்லது கடலை எண்ணெய் போதும். வெண்ணெய் மணம்தான் வேண்டும் என்றால் எண்ணெயில் சுட்டு, இறக்கும்போது கடைசி அரை நிமிடத்தில் வெண்ணெய் போடுங்கள். இரண்டு பாதிப் பன்னுக்கு 1 தேக்கரண்டி நெய். வெட்டுமுகம் முதலில் கீழே. 3 நிமிடம், அதில் கடைசி 1 நிமிடம் மூடி போட்டு. திருப்பி மூடியில்லாமல் 2 முதல் 3 நிமிடம். இது 2 செ.மீ. கனத்துக்கான கணக்கு. உயரமான பன் என்றால் மூன்றாக வெட்டுங்கள், நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. கரண்டி நுனியால் நடுவில் அழுத்தும்போது மஞ்சள் நீர் கசிந்தால் வேகவில்லை. ஏற்கெனவே சிவந்துவிட்டதென்றால் அடுப்பை அணைத்து, மூடி போட்டு 2 நிமிடம் கல்லிலேயே விடுங்கள்.

ஒட்டுவதற்கு முக்கியக் காரணம், சீக்கிரம் திருப்புவது. முட்டை இறுகிய பிறகு அதுவாகவே விடும். கல்லை லேசாக ஆட்டும்போது பன் நகராவிட்டால் கரண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் கல்லை அப்படியே விட்டால் மறுநாள் தோசை எழும்பாது. உருகிய சர்க்கரை வார்னிஷ் மாதிரிப் படிந்திருக்கும். கல் சூடாக இருக்கும்போதே கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் தேய்த்துக் கொட்டிவிட்டு, துடைத்து, நல்லெண்ணெயில் தொட்ட பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு. சர்க்கரை வெந்நீரில் கரையும். ஆறிவிட்டால் சுரண்ட வேண்டியதுதான், சுரண்டினால் கல்லின் பழக்கமும் சேர்ந்து போகும்.

வாசகி, பாம்பன்: வெனிலா எசன்ஸ் எவ்வளவு ஊற்றினாலும் கவுச்சி வாடை அடிக்கிறது. பிள்ளைகள் தொட மறுக்கிறார்கள்.

இரண்டு கேள்வி நாம் கேட்போம். அதே தவாவில் மீன் பொரிக்கிறீர்களா? நனைத்த பன்னை வேகவிடாமல் அவசரமாக இறக்குகிறீர்களா?

இரும்புத் தவாவில் மீன் எண்ணெய் படிந்து, காய்ந்து, தோலாக ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் வாடை போனது போல இருக்கும். கல் சூடேறியதும், அதிலும் பாலும் சர்க்கரையும் பட்டதும் மறுபடி கிளம்பும். சாளை, சீலா பொரிக்கும் கல் எதுவானாலும் அதை இனிப்புக்கு எடுக்காதீர்கள். ஒரே கல்தான் இருக்கிறது என்றால், கல் உப்பு ஒரு கைப்பிடி போட்டு, உப்பு பழுப்பேறும் வரை 5 நிமிடம் வறுத்து, துணியால் அழுத்தித் தேய்த்துக் கொட்டுங்கள். பிறகு பழைய பன் துண்டு ஒன்றைக் கல்லில் சுட்டு முகர்ந்து பாருங்கள். எண்ணெய்ச் சட்டிக்கும் இதுவே: மீன் பொரித்த எண்ணெயை மறுபடி இதில் ஊற்றவே கூடாது.

தவா சுத்தம், ஆனாலும் வாடை என்றால், அது வேகாத வெள்ளைக்கரு. எசன்ஸைக் கூட்டினால் கசப்புதான் ஏறும். கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஏர்வாடி வாசகருக்குச் சொன்ன மூடிக் கணக்கைப் பாருங்கள். ஏலக்காயோடு ஒரு மிளகளவு சாதிக்காய் உரசிப் போட்டால் முட்டை வாடையை அது நன்றாக அடக்கும்.

வாசகி, கீழக்கரை: நோன்பு நேரத்தில் சஹருக்கு (விடியலுக்கு முன் சாப்பிடும் உணவுக்கு) செய்ய ஆசை. சாதாரணப் பாலுக்குப் பதில் வட்டலப்பத்துக்குப் போடுவது போலத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்க்கலாமா? முதல் நாள் இரவே ஊறவைத்துவிடலாமா? உம்மா கூடாது என்கிறார்கள்.

உம்மா சொல்வதே சரி, ஊறவைக்கக் கூடாது. ஆனால் உங்கள் யோசனை அருமை. வந்த கடிதங்களில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். வட்டலப்பம் என்பதே முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய். அதைப் பன்னுக்குள் ஊற்றிச் சுடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன் 4, முட்டை 3, முதல் தேங்காய்ப்பால் 100 மி.லி., கருப்பட்டி 60 கிராம், அதைக் கரைக்கத் தண்ணீர் 40 மி.லி., ஏலக்காய் 3, உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரை வேண்டாம். கருப்பட்டியைத் தட்டி, தண்ணீரில் சிறு தீயில் கரைத்து, துணியில் வடியுங்கள். பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள். அந்தச் சுண்ணாம்புத் துணுக்கும், மணலும், ஓலைத் தும்பும் அடியில் தங்கும். கடைசி ஒரு கரண்டியை ஊற்றாமல் விட்டுவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே நன்றாக ஆறிய பிறகே முட்டையில் சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை இழை இழையாக வெந்துவிடும்.

இரண்டாம் பால் சேர்க்காதீர்கள், தண்ணீர் கூடிவிடும். முதல் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் கல்லில் நெய் பாதி போதும். பன்னே கொஞ்சம் எண்ணெய் விடும். ஒரு கண்ணி இருக்கிறது: கலவையே பழுப்பு நிறம். சிவந்ததா, கருகியதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடிகாரத்தையும் மணத்தையும் நம்புங்கள். கருப்பட்டி மணம் பாகு மணத்திலிருந்து காரமாக மூக்கில் ஏறத் தொடங்கினால் உடனே திருப்புங்கள். தீ, சாதாரணப் பாலுக்கு வைப்பதைவிட இன்னும் ஒரு படி கீழே.

இரவு வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பன்னை வெட்டி, கல்லில் காயவைத்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வையுங்கள். கலவையை அடித்து, வடித்து, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சஹருக்கு எழும்போது கலவையின் மேல் தேங்காய்க் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும், அவ்வளவே. பாத்திரத்தை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் நிறுத்திக் கலக்கினால் கரைந்துவிடும். பிறகு நனைத்து, சுட்டு, தட்டில் வைக்க 15 நிமிடம். இரவில் 2 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போய், கலவை குளிர்ச்சி விட்டிருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஊறவைத்தே தீருவேன் என்றால், சுடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பன் துண்டுகளை நெய் தடவிய கிண்ணத்தில் அடுக்கி, கலவையை ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் இட்லிப் பானையில் 25 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். அது டோஸ்ட் இல்லை, ஆனால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

வாசகர், சாயல்குடி: எங்கள் பக்கம் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. பாகு காய்ச்சி மேலே ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் டோஸ்ட் சொதசொதவென்று ஆகிறது. ஆறினால் பாகு கல்லாகிறது.

ஒரே நாளில் இரண்டும் நடக்காது. தண்ணியாக இருந்த நாள் சொதசொதப்பு, முறுகிய நாள் கல். 100 கிராம் கருப்பட்டிக்கு 60 மி.லி. தண்ணீர். கரைத்து, வடித்து, மறுபடி அடுப்பில் 3 முதல் 4 நிமிடம். தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தொட்டால் தேன் மாதிரிப் பிசுக்க வேண்டும், கம்பி இழுபடக் கூடாது. கம்பி வந்துவிட்டால் 2 தேக்கரண்டி வெந்நீர் விட்டு இறக்கிக்கொள்ளலாம்.

தண்ணீர் எது என்பதையும் பாருங்கள். போர் தண்ணீர் உப்புக்கரிக்கும் தெருவில் இருந்தால் பாகுக்குக் குடிதண்ணீரையே எடுங்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. டம்ளரில் தெரியாத கரிப்பு பாகில் தெரியும்.

டோஸ்டை இறக்கியதும் தட்டில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதும் சொதசொதப்புக்குக் காரணம். அடியில் இருப்பது தன் ஆவியிலேயே நனையும். கம்பி வலையிலோ இட்லித் தட்டிலோ 2 நிமிடம் விட்டு, சாப்பிடும்போது பாகைத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள்.

வாசகி, ராமேஸ்வரம்: எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. கஸ்டர்ட் பவுடரில் முட்டை உண்டா? அதில் செய்யலாமா?

கடையில் கிடைக்கும் சாதாரணக் கஸ்டர்ட் பவுடர் சோளமாவும் நிறமும் வெனிலா மணமும்தான், முட்டை இல்லை. பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். 4 பன்னுக்கு ஆறிய பால் 180 மி.லி., கஸ்டர்ட் பவுடர் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி. காய்ச்ச வேண்டாம், பச்சையாகவே கரையுங்கள். மாவு அடியில் தங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பன்னுக்கும் முன்பு ஒரு கலக்கு கலக்காவிட்டால் முதல் பன் வெறும் பாலையும் கடைசிப் பன் வெறும் மாவையும் குடிக்கும். பிடித்து நிறுத்த முட்டை இல்லாததால் நனைப்பது பக்கத்துக்கு 5 எண்ணிக்கைதான். நெய் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், மேல்பக்கம் ஈரப் பளபளப்பு போன பிறகே திருப்புங்கள். முட்டை போட்டதன் மிருதுத்தன்மை இதில் வராது. ஓரம் மொறுமொறுப்பு மட்டும் இதில்தான் கூடுதல்.

வாசகர், தங்கச்சிமடம்: டீக்கடையில் மாலை நேரத்தில் இதைப் போடலாம் என்று இருக்கிறேன். 20 பன்னுக்கு அளவும், முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடியது எது என்றும் சொல்லுங்கள்.

20 பன்னுக்கு முட்டை 15, பால் 750 மி.லி., சர்க்கரை 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 10. அடக்கவிலை போட: ஒரு பன்னுக்கு முக்கால் முட்டை, ஏறக்குறைய 38 மி.லி. பால், 1 தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய். கடைக்கல்லில் ஒரே நேரத்தில் 8 பாதிகள் வைக்கலாம் என்றால், ஓர் ஈடுக்கு 7 நிமிடம். மணிக்கு 32 பன் என்று தாளில் வரும். டீயும் ஆற்றிக்கொண்டு செய்தால் 20 முதல் 25 தான் முடியும்.

பன்னை மதியமே வெட்டிக் காயவைத்து டப்பாவில் வைக்கலாம். நனைத்து வைக்க மட்டும் கூடாது, ஆள் வந்த பிறகே நனைக்க வேண்டும். முட்டைக் கலவையை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே இருப்பது நம் ஊர் வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. ஐஸ் மேல் வைத்தால் தாங்கும். மீனுக்கு வாங்கும் ஐஸ்தான் கைவசம் இருக்கும். அது பாத்திரத்துக்கு வெளியே மட்டும், மூடி போட்டு. ஒரு துண்டுகூட உள்ளே விழக் கூடாது. பழைய கலவை தீரும் முன்பு புதியதை அதிலேயே ஊற்றி நிரப்புவது கடைகளில் சாதாரணமாக நடப்பது. அதைச் செய்யாதீர்கள்: காலையில் புளித்தது மாலைவரை தொடர்ந்து வரும். பாத்திரத்தையே மாற்றுங்கள்.

நனைக்க நனைக்கப் பன் தூள் கலவையில் சேர்ந்து கூழாகும். பத்துப் பன்னுக்கு ஒரு முறை வடிகட்டிவிடுங்கள். இல்லையென்றால் அந்தத் தூள் கல்லில் கறுப்புப் பொட்டாகப் படிந்து அடுத்த ஈட்டில் ஒட்டும்.

வாசகி, பெரியபட்டினம்: பன் வாங்கி இரண்டாம் நாளே பச்சைப் புள்ளி. கிள்ளிவிட்டு மிச்சத்தை டோஸ்ட் போடலாம்தானே?

கூடாது. கண்ணுக்குத் தெரிவது பூசணத்தின் பூ மட்டும், வேர் பஞ்சு போன்ற பன்னுக்குள் வெகு தூரம் ஓடியிருக்கும். ஒட்டியிருந்த பன்னையும் சேர்த்தே கொட்டுங்கள். கல்லின் சூடு பூசணத்தைக் கொல்லும், அது விட்டுவைத்த நஞ்சை எல்லா வகையிலும் போக்காது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூசணம் தள்ளிப்போகும், ஆனால் பன் இன்னும் வேகமாக விறைக்கும். வாங்கிய அன்றே வெட்டி, பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை இருக்கும். எடுத்ததும் உருகக் காத்திராமல் நேராகக் கல்லில் காயவைக்கலாம்.

வாசகர், தேவிபட்டினம்: இது பிரெஞ்சு டோஸ்ட் என்றால், பிரெஞ்சுக்காரர்கள் என்னவென்று சொல்கிறார்கள்?

'பான் பெர்து' என்கிறார்கள், கைவிட்டுப்போன ரொட்டி என்று பொருள். காய்ந்து கல்லாகிப்போன ரொட்டியை மீட்பதற்கு வந்த பண்டம் அது. ரோமானியர் காலத்துச் சமையல் குறிப்பிலேயே ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பொரித்துத் தேன் ஊற்றுவது உண்டு. பாலை அதிகமாகச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் அந்தக் கல் ரொட்டிக்குத்தான்.

வாசகி, உச்சிப்புளி: இனிப்பு வேண்டாம், காரமாகச் செய்ய முடியுமா?

இனிப்புக் குறைந்த பன்னாகப் பார்த்து வாங்குங்கள். 4 பன்னுக்கு 3 முட்டை, பால் 100 மி.லி., உப்பு அரைத் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 6, கறிவேப்பிலை ஒரு இணுக்கு, முண்டு மிளகாய் 2. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்குத் தோல் கனம். வெறும் கல்லில் வாட்டி, ஆறவைத்து, ஒன்றிரண்டாக இடித்து முட்டையிலேயே கலந்துவிடுங்கள். கல்லில் தூவினால் கருகி வீடே இருமும். வெங்காயத்தைக் கடுகளவு பொடியாக அரிய வேண்டும். துண்டு பெரிதாக இருந்தால் அது முட்டுக்கொடுத்து நிற்கும், பன் கல்லில் படியாது, அந்த இடம் வெளுத்தே இருக்கும்.